ஓபேத்தின் கேமராவுக்கு ஒரு பை

ஓபேத் எந்தப் பையையும் முதலில் காதில் வைத்துத்தான் பார்ப்பான். ஜிப்பை மெல்ல இழுப்பான். கரகரவென்று சத்தம் வந்தால், "இது ஊரையே கூட்டும்" என்று கீழே போட்டுவிடுவான். சத்தமே இல்லாமல் வழுக்கிக்கொண்டு திறந்தால் இன்னும் மோசம். "திருடனுக்குன்னே செஞ்சிருக்கான்" என்பான்.

எங்கள் மலைநகரமான கொரோக்காவில், ஆஸ்திரேலியாவிலிருந்து வரும் பழைய துணிகளை மூட்டை பிரித்து விற்கிற கடைகள் இருக்கின்றன. துணிக்குவியல்களுக்குப் பின்னால் பைகளுக்கென்று தனிக் குவியல் கிடக்கும். புது மூட்டை பிரிக்கிற காலைகளில் ஓபேத் கதவு திறக்கும் முன்பே வாசலில் நிற்பான். கடைப் பெண்களுக்கு அவனைக் கண்டால் பொழுதுபோகும்.

"வந்துட்டாருடி ஜிப்பு டாக்டரு."

"அண்ணே, அந்தப் பச்சைப் பைக்கு ரெண்டு நாளா இருமல். கொஞ்சம் நாடி பிடிச்சுப் பாருங்க."

ஓபேத் சிரிக்க மாட்டான். இவர்கள் ஏன் என்னையே கவனிக்கிறார்கள், யாருக்காவது தகவல் சொல்லவா என்று யோசிப்பான். பிறகு என் கடைக்கு வந்து, அவர்களில் எந்தப் பெண்ணுக்கு எந்த ஊரில் தம்பி இருக்கிறான் என்று விசாரிப்பான்.

சந்தைக்குப் பின்புறம் படங்களுக்குச் சட்டம் போட்டுப் பிழைப்பவன் நான். ஓபேத் எடுக்கும் படங்களில் பாதி என் பலகைக்கு வந்துதான் பிறகு வீடுகளுக்குப் போகும். அவன் படம் பிடிக்கக் கற்றதே தனிக்கதை. மிஷனில் இருந்த ஒரு வெள்ளைக்காரர் ஊர் திரும்பும்போது விட்டுப்போன பழைய கேமராவைக் கழற்றி, மறுபடி பூட்டி, எதைத் திருகினால் என்ன ஆகிறது என்று தானாகவே பார்த்துத் தெரிந்துகொண்டான். பெண்ணுக்குப் பரிசம் கொடுக்கிற நாள், துக்க வீடு, ஞானஸ்நானம், பள்ளிக்கூட விழா எல்லாவற்றுக்கும் அவனைக் கூப்பிடுவார்கள். ஆனால் அவனுக்குச் சோறு போடுவது சமாதான விழாக்கள்தான்.

எங்கள் பள்ளத்தாக்கில் ஓர் ஊர்க்காரன் கையால் இன்னோர் ஊர்க்காரன் செத்தால், அது விபத்தாகவே இருந்தாலும், பன்றிகள் கைமாறினால்தான் பகை தீரும். கைமாறிய பிறகும் பேச்சு தீராது. "நீங்க குடுத்தது எல்லாம் குட்டிப் பன்னி" என்பான் ஒருவன். "கண்ணைத் திறந்து பாத்தியா, குதிரை மாதிரி நின்னுச்சு" என்பான் இன்னொருவன். படம் இருந்தால் இந்தப் பேச்சு எழாது. ஆகவே இரண்டு பக்கமும் சேர்ந்தே ஓபேத்தை அழைக்கும். வரிசையாகக் கட்டிய பன்றிகளை அவன் தலை முதல் வால் வரை தெரியும்படி எடுப்பான். பக்கத்தில் ஓர் ஆளை நிறுத்தி உயரமும் காட்டுவான். அவன் எந்தப் பக்கத்து ஆளும் இல்லை என்பதில் எல்லோருக்கும் நம்பிக்கை இருந்தது. அவனுக்குத்தான் யார் மேலும் நம்பிக்கை இல்லை.

அதற்குக் காரணம் உண்டு. இரண்டு வருடங்களுக்கு முன்பு, பேருந்து நிறுத்தத்தில் அவன் பையை அறுத்துக்கொண்டு போனார்கள். காப்பிக் கொட்டை வாங்க வந்த ஒரு வெளிநாட்டுக்காரர் பரிசாகக் கொடுத்த கறுப்புப் பை அது. உள்ளே கேமராவுக்கு ஓர் அறை, லென்சுகளுக்குத் தனித்தனி அறை, எல்லாம் மெத்தென்று இருக்கும். வெளியே கம்பெனியின் பெயர் வெள்ளை எழுத்தில் இருந்தது. ஓபேத் அதன் மேல் மை பூசி மறைத்திருந்தான். மறைத்து என்ன பயன்? வாத்துக்கு மேல் துணி போட்டாலும் நடையில் வாத்து என்று தெரியாதா? பை பறிபோனது அவனுக்கு உடனே தெரியவில்லை. வார் தோளிலேயே இருந்தது. கனம் குறைந்தது போலிருக்கிறதே என்று திரும்பினால், வாரின் இரண்டு நுனிகளும் காற்றில் ஆடுகின்றன. சாய்வாக, பிசிறே இல்லாத ஒரே வெட்டு.

அந்தப் பையில் என்ன இருக்கிறது என்று தெரிந்தவர் யார் என்று ஓபேத் யோசித்தான். முந்தின நாள் சாப்பாட்டுக்கு வந்திருந்த மச்சான் ஞாபகத்துக்கு வந்தான். மனைவி எமெலினின் அண்ணன், பெயர் ஹாசு. கடலோர லே நகரத்திலிருந்து லாரியில் ஏறிவரும் பாக்கை மூட்டையாக வாங்கிச் சில்லறையில் விற்பவன். அவன் உட்காரும் இடமும் அந்த நிறுத்தம்தான். சாப்பிட்டுக் கை கழுவியவன் பையைத் தூக்கிப் பார்த்து, "என்ன மச்சான் இந்தக் கனம் கனக்குது, உள்ள பன்னிக்குட்டி வளக்குறியா?" என்று கேட்டிருந்தான்.

இது போதும் ஓபேத்துக்கு. ஆனால் அதை அவன் வெளியே சொல்ல முடியவில்லை. மனைவியின் கூடப்பிறந்தவன் பெயரை வாயால் சொல்வது எங்களிடம் வழக்கமில்லை. சொன்னால் அபராதம் கட்ட வேண்டும். போலீஸ்காரர், "யார் மேல சந்தேகம்?" என்று கேட்டார்.

"ஒரு சொந்தக்காரன் மேல."

"சொந்தக்காரன் எனக்கும்தான் இருக்கான். பேரு?"

ஓபேத் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். போலீஸ்காரர் பேனாவை மூடிவிட்டார்.

அடுத்த கேமரா வாங்க இரண்டு வருடம் ஆயிற்று. காப்பிக் கொட்டை விற்றான், பன்றிகளை விற்றான், எமெலின் வளர்த்த கோழிகளும் போயின. இவ்வளவும் போதாதபோது ஹாசு தானாகவே ஒரு கொழுத்த பன்றியை ஓட்டிக்கொண்டு வந்து வாசலில் கட்டினான். "இதையும் வித்துக்கோ மச்சான்" என்றான். ஊரே அவனைப் புகழ்ந்தது. ஓபேத் மட்டும் என்னிடம் வந்து, "கேக்காம எவனாவது பன்னி குடுப்பானா? மனசு உறுத்தாம இருந்தா குடுப்பானா?" என்று கேட்டான்.

"குடுக்கலேன்னா?"

"குடுக்கலேன்னா கல் நெஞ்சுக்காரன்னு வச்சுக்கலாம். குடுத்துட்டானே, அதான் இடிக்குது."

இப்படியாகக் கேமரா வந்தது. பழைய கேமராதான், ஆனால் நல்லது. இதுவும் போனால் இன்னொன்று வாங்க அவனிடம் விற்பதற்கு எதுவும் மிச்சமில்லை. ஆகவே பை தேடும் வேலை தொடங்கியது.

கேமராப் பை போலத் தெரியாத ஒரு கேமராப் பை வேண்டும் என்பது அவன் கணக்கு. முதலில் குழந்தைத் துணி வைக்கிற பை ஒன்று கிடைத்தது. நீலத்தில் மஞ்சள் வாத்துகள். உள்ளே மெத்தென்று இருந்தது, அறைகளும் இருந்தன. பேருந்தில் பக்கத்தில் உட்கார்ந்த பெண், "எத்தனை மாசம் அண்ணே?" என்றாள்.

"எது?"

"பாப்பாதான்."

"பாப்பா இல்ல."

"பின்ன பை?"

ஓபேத் அடுத்த நிறுத்தத்திலேயே இறங்கி மீதி வழி நடந்தான்.

பிறகு மீன் வைக்கிற ஐஸ் பெட்டி ஒன்றில் கேமராவை வைத்துக்கொண்டு போனான். சாலையில் வண்டிகளை நிறுத்துகிற போலீசார், பீர் கடத்துகிறான் என்று நினைத்துத் திறக்கச் சொன்னார்கள். அந்த யோசனையும் கைவிடப்பட்டது. அதன் பிறகு வேதாகமம் வைக்கிற தோல் பை. போதகர்கள் அக்குளில் இடுக்கிக்கொண்டு போவது. அதில் இரண்டு வாரம் நன்றாகவே ஓடியது. திருடன்கூட வேதத்தைத் திருட மாட்டான் என்று ஓபேத் பெருமையாகச் சொன்னான். ஒரு நாள் பேருந்தில் ஓர் அம்மாள் அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஐயா, என் புருஷன் குடிக்கிறான். ஒரு ஜெபம் பண்ணுங்க."

"நான் போதகர் இல்லம்மா."

"தாழ்மையைப் பாருங்க இவருக்கு!" என்று அவள் சுற்றிலும் சொன்னாள். வண்டியே தலைகுனிந்தது. ஓட்டுநர் பாட்டை நிறுத்தினார். ஓபேத் கண்ணை மூடாமல் ஜெபம் பண்ணினான். ஒரு கண் அந்த அம்மாளின் கை மேல், மறு கண் பையின் மேல். மறுநாள் அந்தப் பையையும் கடையிலேயே திருப்பிக் கொடுத்தான்.

கடைசியில் அவனுக்குத் தோன்றியது எங்கள் எல்லோருக்கும் முதலிலேயே தோன்றியிருக்க வேண்டியது. பிலும். இந்த ஊரில் பிலும் இல்லாத கழுத்து கிடையாது. நூலை முறுக்கிக் கண்ணி கண்ணியாகப் பின்னிய பை. பெண்கள் நெற்றியில் மாட்டி முதுகில் தொங்கவிட்டால் அதில் கிழங்கும் இருக்கும், குழந்தையும் தூங்கும். ஆண்கள் சின்னதாகக் கழுத்தில் போட்டுக்கொள்வோம். அதில் இன்னொரு வசதி, மற்றவன் பிலுமுக்குள் யாரும் கையை விட மாட்டார்கள். அடுத்தவன் வாய்க்குள் விரலை விடுவது போல அது. குடிகாரன்கூடச் செய்ய மாட்டான்.

"பிலுமில் என்ன இருந்தாலும் வெளியே தெரியுமே" என்றேன்.

"தெரியாத மாதிரி பண்ணச் சொல்றேன்."

புருஷனுக்குப் பிலும் பின்னிக் கொடுப்பது மனைவியின் வேலை. எமெலின் கைவேலையும் நல்லது. ஆனால் எமெலினிடம் சொன்னால் அது அவள் அண்ணன் காதுக்குப் போகும் என்று ஓபேத் நினைத்தான். ஆகவே வேலியோரம் பிலும்களைத் தொங்கவிட்டு விற்கும் யோனாபே என்ற பெண்ணிடம் போனான். கண்ணியே தெரியாமல் இறுக்கிப் பின்ன வேண்டும் என்றான்.

யோனாபே ஊசியை நிறுத்திவிட்டு அவனை ஏறிட்டாள். "விரல்கூட நுழையாம பின்னணுமா?"

"ஆமாக்கா."

"ஆம்பளைக்குப் பையில மறைக்க அப்படி என்ன இருக்கு? உன் வீட்டுக்காரிக்குக் கை இல்லையா?"

"இருக்கு. வேலை அதிகம்."

"எனக்கு மட்டும் வேலை இல்ல, பாரு. உக்காந்து வெயில் காயறேன்." ஆனாலும் பின்னிக் கொடுத்தாள். சிவப்பும் கறுப்பும் கலந்த நெருக்கமான வேலை. அதை ஓபேத் ஒரு தையல்காரியிடம் கொண்டுபோய், பழைய மெத்தையின் பஞ்சை வெட்டி வைத்து, உள்ளே கறுப்புத் துணியால் சுற்றிலும் தைக்கச் செய்தான். என் மேசையில் வைத்துக் கேமராவை உள்ளே இறக்கினான். மேலே ஒரு கட்டுக் கிழங்குக் கொழுந்தைப் பரப்பினான். தூக்கிக் குலுக்கினான். ஒரு சத்தமும் இல்லை. உண்மையைச் சொன்னால், அருமையான வேலை. மழை இறங்காது, தூசி போகாது, விழுந்தாலும் உடையாது. அவன் முகத்தில் அன்றைக்குத்தான் ஒரு நிம்மதியைப் பார்த்தேன்.

வீட்டில் அது நீடிக்கவில்லை. எமெலின் பிலுமைக் கையில் வாங்கிப் பார்க்கக்கூட இல்லை. தூரத்திலிருந்தே கேட்டாள்.

"எவ பின்னிக் குடுத்தா?"

"காசு குடுத்து வாங்கினது."

"காசு குடுத்து வாங்கறவனுக்கு இவ்வளவு நெருக்கமா பின்ன மாட்டாளுக. நூலு நூலா ஆசையா பின்னியிருக்கா. போட்டுக்கோ, நல்லாத்தான் இருக்கு. இனிமே உனக்குச் சோறும் அவளே போடட்டும்."

ஓபேத் அந்த வாரம் முழுக்க சந்தையில் வாங்கிய பொரித்த மாவுருண்டைதான் தின்றான். ஆனாலும் பிலுமைக் கழற்றவில்லை.

அந்த வார முடிவில் மேட்டு ஊருக்கும் ஆற்றோர ஊருக்கும் சமாதான விழா. மேட்டு ஊர்க்காரனின் வண்டி மோதி ஆற்றோர ஊரில் ஓர் இளைஞன் செத்திருந்தான். சாலையோரப் பந்து மைதானத்தில் ஏற்பாடு. பெரிய விழாக்களில் படச்சட்டத்துக்கு அங்கேயே ஆள் பிடிக்கலாம் என்று நானும் போயிருந்தேன். மைதானத்தின் ஒரு பக்கம் மேட்டு ஊர், மறு பக்கம் ஆற்றோர ஊர், நடுவில் முளையடித்துக் கட்டிய பன்றிகள், கரும்புக் கட்டுகள், வாழைத்தார்கள். வாசலில் நின்ற ஆட்கள் எல்லோருடைய வெட்டுக்கத்திகளையும் ஒரு மரத்தடியில் போடச் சொன்னார்கள். பிலும்களை யாரும் சோதிக்கவில்லை. சோதிக்கத் தேவையுமில்லை. உள்ளே இருக்கிற புகையிலை, பாக்கு, கிழங்கு எல்லாம் கண்ணிகளில் தெரியுமே.

ஓபேத் உள்ளே வந்தான். வந்தவன் வழக்கம்போலக் கேமராவை எடுக்கவில்லை. கூட்டத்தில் யார் யார் இருக்கிறார்கள் என்று முதலில் பார்த்துவிடலாம் என்று நினைத்திருக்கிறான். பிலுமை இரண்டு கைகளாலும் வயிற்றோடு அணைத்துக்கொண்டு, ஒவ்வொரு முகமாகப் பார்த்தபடி மைதானத்தைச் சுற்றினான். பின்னால் யாராவது வந்தால் சட்டென்று திரும்பினான். பிறகு வெளிச்சம் எப்படி விழுகிறது என்று பார்க்கப் பன்றிகளின் பக்கம் போனான்.

ஆற்றோர ஊர்ப் பக்கத்திலிருந்து ஒரு பெண் எழுந்தாள். செத்துப்போன பையனின் சித்தி. சாவு வீட்டார் பூசிக்கொள்ளும் துக்கச் சேறு இன்னும் முகத்தில் இருந்தது.

"அந்த ஆளு பையில என்ன?"

எல்லாக் கண்களும் அந்தப் பிலும் மேல் விழுந்தன. நானும் அப்போதுதான் அதை அவர்கள் கண்ணால் பார்த்தேன். எதுவுமே தெரியாத ஒரு பிலும். என் வாழ்நாளில் நான் அப்படி ஒன்றைப் பார்த்ததில்லை. அவர்களும் பார்த்திருக்க மாட்டார்கள்.

"படம் பிடிக்கிறவன்தானே" என்றார் ஒருவர்.

"படம் பிடிக்கிறவன்னா கேமரா எங்க? ஏன் எல்லார் மூஞ்சியையும் எண்ணிப் பாக்கறான்? பன்னிகிட்ட ஏன் போறான்?"

"கறியில மருந்து வைக்க வந்திருக்கான்!" என்று பின்னாலிருந்து ஒரு குரல். மருந்து என்ற சொல் விழுந்ததும் இரண்டு பக்கத்து ஆண்களும் எழுந்துவிட்டார்கள். யார் அனுப்பிய ஆள் என்று ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். மேட்டு ஊர்க்காரர்கள் ஆற்றோர ஊரைப் பார்த்தார்கள். ஆற்றோர ஊர் மேட்டு ஊரைப் பார்த்தது. மரத்தடியில் கத்திகள் கிடந்தன.

"கேமராதான்யா, கேமரா. இதோ காட்டறேன்" என்று ஓபேத் பிலுமுக்குள் கையை விட்டான்.

"கையை வெளிய எடு!"

பத்துப் பதினைந்து பேர் ஒரே நேரத்தில் கத்தினார்கள். மூடிய பைக்குள் போகிற கை என்னத்தோடு வெளியே வரும் என்று யாருக்குத் தெரியும்? ஓபேத் கையை எடுத்துத் தலைக்கு மேல் தூக்கினான். விரல்களில் கிழங்குக் கொழுந்து ஒட்டியிருந்தது. "பாத்தீங்களா, இலை! மருந்து இலை!" என்று அந்தச் சித்தி அலறினாள்.

மேட்டு ஊரின் பேச்சாளர் கோவிசே நடுவில் வந்தார். உரத்த குரல் உள்ளவர். "இவன் கையை விடக் கூடாது. வேற ஆளு எடுக்கட்டும்" என்றார்.

யார் எடுப்பது? இரண்டு பக்கத்திலும் ஒருவரும் அசையவில்லை. உள்ளே மருந்து இருந்தால் தொட்டவன் கதி முடிந்தது. மருந்து இல்லாவிட்டால் அடுத்தவன் பிலுமில் கையை விட்ட குற்றத்துக்கு ஒரு பன்றி தண்டம் கட்ட வேண்டும். கோவிசே கூட்டத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டு ஓபேத்திடம் கேட்டார்.

"உன் பொண்டாட்டி வீட்டு ஆளு யாராவது இங்க இருக்காங்களா? அவங்க தொட்டா வீட்டு விஷயம்."

மைதானத்தின் ஓரத்தில், பாக்குக் குவியலுக்குப் பின்னாலிருந்து ஹாசு எழுந்தான். விழா எங்கே நடந்தாலும் பாக்கு விற்க வந்துவிடுவான். வாயிலிருந்த சிவப்பை ஒரு பக்கமாகத் துப்பிவிட்டு நிதானமாக நடந்து வந்தான்.

"நான் இருக்கேன். மச்சான் முறை."

"சரி. ஓபேத், இவன் கையை விடச் சம்மதமா?"

ஓபேத் பிலுமை இன்னும் இறுக்கிக்கொண்டதை நான் பார்த்தேன். கூட்டமும் பார்த்தது. ஹாசு கிட்டே வந்து குரலைத் தாழ்த்தினான். நான் பக்கத்தில் இருந்ததால் எனக்குக் கேட்டது.

"குடு மச்சான். இவனுங்க பொறுமையா இருக்கறது ரொம்ப நேரம் நிக்காது."

"நானே எடுத்துக் காட்டறேன்னு சொல்லு."

"உன்னைய அவனுங்க நம்பல."

ஓபேத் மச்சானின் கையைப் பார்த்தான்.

"நீ என்னைய நம்பல. அதானே? ரெண்டு வருஷமா என் பாக்கைக்கூட வாங்கித் திங்காம, எட்டிப் போய் வேற ஆளுகிட்ட வாங்கற. எனக்குத் தெரியாதா? சரி, நம்பாதே. நம்பாமலே குடு. கண்ணை மட்டும் என் கையிலயே வச்சுக்கோ."

ஓபேத் பிலுமைக் கழுத்திலிருந்து கழற்றினான். கழற்றி முழுவதும் கொடுக்கவில்லை. வாரைத் தன் கையில் பிடித்துக்கொண்டு வாயை மட்டும் மச்சான் பக்கம் நீட்டினான்.

ஹாசு முதலில் இலைகளை அள்ளிக் கீழே போட்டான். பிறகு கேமராவை வெளியே தூக்கினான். "கேமரா!" என்று கூவினான். கூட்டத்தில் ஒரு பெருமூச்சு. அடுத்து லென்ஸ். அடுத்து துடைக்கிற துணி. அடுத்து பாதி தின்ற மாவுருண்டை. பிறகு பிலுமைக் கவிழ்த்துத் தட்டினான்.

"அந்தக் கறுப்புத் துணிக்குப் பின்னால என்ன?" என்றாள் சித்தி. அவள் அவ்வளவு எளிதில் விடுகிறவள் இல்லை. "பிலுமுக்கு எதுக்கு உள்பாவாடை?"

மரத்தடியிலிருந்து ஒரு கத்தி வந்தது. ஹாசு அதை வாங்கி, ஓபேத்தின் முகத்தை ஒரு தடவை பார்த்துவிட்டு, துணியை அடியிலிருந்து மேலாக ஒரே இழுப்பில் கிழித்தான். பழைய மெத்தைப் பஞ்சு மஞ்சள் மஞ்சளாகப் புல்லில் கொட்டியது. கொஞ்ச நேரம் யாருக்கும் அது என்னவென்று புரியவில்லை. பிறகு யாரோ ஒருத்தி, "ஐயோ, மெத்தையைக் கொன்னு பையில ஒளிச்சு வச்சிருக்கான்!" என்றாள். சிரிப்பு ஒரு பக்கத்தில் தொடங்கி மறு பக்கத்துக்குப் பாய்ந்தது. சேறு பூசிய சித்திகூட வாயைப் பொத்திக்கொண்டாள்.

ஓபேத் மட்டும் சிரிக்கவில்லை. கிழிந்த துணியின் விளிம்பைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தான். சாய்வாக, பிசிறே இல்லாத வெட்டு. இந்தப் பள்ளத்தாக்கில் கத்தி பிடிக்கிற எவனும் அப்படித்தான் வெட்டுவான் என்று நான் பிறகு அவனிடம் சொன்னேன். "எனக்கும் தெரியும்" என்றான். ஆனாலும் அதைப் பார்த்துக்கொண்டேதான் இருந்தான்.

அதற்குப் பிறகு வேலை நன்றாக நடந்தது. பன்றிகளை ஒவ்வொன்றாக எடுத்தான். இரண்டு ஊர்ப் பெரியவர்களும் கைகோத்ததை எடுத்தான். அந்தச் சித்தி தன்னைத் தனியாக ஒரு படம் எடுக்கச் சொன்னாள். அதற்குச் சட்டமும் என்னிடம் சொல்லிவைத்தாள்.

கறி பங்கிட்டு முடிந்தபோது மலைமேல் மேகம் இறங்கியிருந்தது. நகரத்துக்குப் போகிற வண்டிக்காக ஆட்கள் சாலைக்கு நடக்கத் தொடங்கினார்கள். ஓபேத் கிழிந்த பிலுமைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். அதன் அடிப்பக்கக் கண்ணிகளும் கத்தியில் மாட்டி அறுந்திருந்தன. கேமராவை அதில் போட்டால் நேராகத் தரையில்தான் விழும். அது போகட்டும். இப்போது அந்த மைதானத்தில் இருந்த அத்தனை பேருக்கும் அவனிடம் என்ன கேமரா இருக்கிறது, எவ்வளவு பெரிய லென்ஸ் இருக்கிறது என்று தெரியும். ஹாசுதான் தூக்கிப் பிடித்து ஊருக்குக் காட்டியிருந்தானே.

ஹாசு மிச்சப் பாக்கை மூட்டை கட்டிவிட்டு வந்தான். கழுத்தில் அவனுடைய பெரிய பழைய பிலும். கண்ணிகள் எல்லாம் தொய்ந்து வாயைப் பிளந்திருந்தன. உள்ளே கிடந்த பாக்குக்காய், வெற்றிலைக் காம்பு, சுண்ணாம்புக் குடுவை, சீப்பு எல்லாம் பத்தடி தூரத்திலிருந்தே தெரிந்தன.

"இதுல போடு மச்சான்."

"அதுல சுண்ணாம்பு இருக்கு."

"மூடி இருக்கு."

"மூடி கழண்டா?"

"கழண்டா உன் கேமரா வெத்தலை போடும். போடுடா, வண்டி போயிடும்."

ஓபேத் என்னைப் பார்த்தான். நான் வண்டி வருகிறதா என்று பார்த்தேன். அவன் இடுப்பில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துக் கேமராவைச் சுற்றினான். சுற்றியும் மூக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. அதைத் தன் கையாலேயே மச்சானின் பிலுமுக்குள் இறக்கினான். கண்ணிகளின் வழியே லென்ஸ் எல்லோரையும் பார்த்தது.

ஹாசு முன்னால் நடந்தான். ஓபேத் பின்னால் நடந்தான். வண்டியில் ஹாசு ஜன்னலோரம் உட்கார, ஓபேத் அவனுக்குப் பின் இருக்கையில் உட்கார்ந்து, முன்னால் சாய்ந்து, அந்தப் பிலுமை விட்டுக் கண்ணை எடுக்காமல் வந்தான். நகரத்தின் நிறுத்தத்தில் இறங்கியபோது சுவரோரம் நின்ற இளைஞர்கள் இரண்டு பேர் மெல்ல அருகில் வந்தார்கள். ஓபேத் எட்டி வந்து ஹாசுவை ஒட்டி நின்றான்.

"மாமா, அது கேமராவா?"

"ஆமாண்டா" என்றான் ஹாசு. "வேணுமா? உள்ள கையை விட்டு எடுத்துக்கோ."

அவன் நின்று, பிலுமைக் கொஞ்சம் அவர்கள் பக்கமாகவே சாய்த்தான். அவர்கள் ஒருவனை ஒருவன் பார்த்துச் சிரித்தார்கள். "விளையாடாதீங்க மாமா" என்று இரண்டடி பின்வாங்கினார்கள். ஒருவன் பாக்கு மட்டும் கேட்டான். ஹாசு தன் கையாலேயே எடுத்துக் கொடுத்தான்.

அன்றிலிருந்து ஓபேத்தின் கேமரா அந்தப் பிலுமில்தான் போகிறது. அதில் மழையும் இறங்குகிறது, லென்சின் மூடியில் சுண்ணாம்புக் கோடுகள் விழுந்துவிட்டன. ஹாசுவுக்கும் நஷ்டமில்லை, விழாவுக்கு விழா பாக்கு விற்பனை ஆகிறது. எமெலின் மறுபடி சோறு போடுகிறாள். ஆனால் புதுப் பிலும் பின்னித் தரட்டுமா என்று அவளும் கேட்கவில்லை, அவனும் கேட்கவில்லை. பை திருடியது ஹாசுவா இல்லையா என்று நான் ஒரு தடவை ஓபேத்திடம் நேராகவே கேட்டேன். "இல்லேன்னுதான் நினைக்கறேன். ஆனா அவனுக்கு முன்னால நடந்தா பிடரி அரிக்குது" என்றான்.

போன வாரம் சந்தை முனையில் திடீரென்று மழை கொட்டியது. ஹாசு பிலும் குலுங்க ஓடித் தகரக் கூரைக்குள் ஒதுங்கினான். ஓபேத்துக்குப் பக்கத்திலேயே வேறொரு கூரை இருந்தது. அவன் அதற்குள் போகவில்லை. நனைந்துகொண்டே சாலையைக் கடந்து, மச்சானுக்குப் பின்னால் வந்து நின்று, பிலுமின் அடியைக் கையால் இறுகப் பிடித்துக்கொண்டான்.

"விடு மச்சான், கழுத்து இறுகுது" என்றான் ஹாசு, திரும்பாமலே.

ஓபேத் விடவில்லை.